அஞ்சு மணிக்கு முன்னால வண்டி எடுக்காதீங்க

காலையில வேன் சாவி வாங்கப் போறப்ப யசோதரா மேடம் உங்க மூஞ்சியப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்கறாங்க இல்ல, "தூங்கினியா?"ன்னு. நீங்க அத நடிச்சிக் காட்டி சிரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். போன வாரம் டீக்கடையில ஒருத்தன் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கிகினு அதே மாதிரி கேட்டான். நானும்தான் சிரிச்சேன், நல்லாத்தான் பண்ணான். ஆனா அந்தக் கேள்வி எங்கேருந்து வந்துச்சின்னு உங்க யாருக்கும் தெரியாது. முழுசா தெரிஞ்சவங்க மூணு பேருதான். மூணு பேரும் உயிரோட இருக்கோம், அதனால நான் கூட்டிக் கொறைச்சி சொல்ல முடியாது.

இப்ப எதுக்கு அந்தக் கதைன்னு கேப்பீங்க. பங்காருபேட்டையில புதுசா ஒருத்தரு மூணு வேன் எறக்கியிருக்காரு. நாம அஞ்சு மணிக்கு எடுக்கிறோம், அவரு நாலே முக்காலுக்கு எடுக்கிறாரு. உங்கள்ல ரெண்டு பேரு நேரா என் வீட்டுக்கே வந்து, "நாமளும் நாலரைக்கு எடுத்துட்டா இன்னா அங்கிள்?"னு கேட்டீங்க. மாசக் கூட்டத்துல பதில் சொல்றேன்னு அனுப்பிட்டேன். இதான் பதில். கொஞ்சம் நீளம், உக்காருங்க.

முதல்ல நம்ம ஊரு ஜனங்களப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். எங்கப்பா நந்திதுர்க் மைன்ஸ்ல, தங்கச் சுரங்கத்துல வேலை பார்த்தாரு. சங்கு ஊதறதுக்கு முன்னால ஷாஃப்ட் வாசல்ல போய் நிக்கணும். சுரங்கத்துக்குள்ள ஆள இறக்கற கேஜ் ஒரு தடவ கீழ போயிட்டா அன்னைய ஷிஃப்ட் போச்சி. அதனால எங்க வீட்ல சங்குக்குக் கால் மணி முன்னாலயே செருப்பு மாட்டிடுவாரு. ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தான். மைன்ஸ மூடினாங்க, சங்கு நின்னுச்சி, ஆனா அந்தப் பழக்கம் மட்டும் நிக்கல. நம்ம ஊர்ல கல்யாணச் சாப்பாடு பன்னண்டு மணிக்குன்னு சொன்னா பதினொண்ணேகாலுக்கு எலைக்கு முன்னால ஆளு உக்காந்திருக்கும். வேன் அஞ்சு பத்துக்குன்னா அஞ்சு மணிக்கே டிபன் டப்பாவோட நிப்பாங்க.

வேற ஊர்ல பத்து நிமிஷம் முன்னால வண்டிய எடுத்தா பாதி சீட்டு காலியாப் போகும். நம்ம ஊர்ல மட்டும்தான் வண்டி ரொம்பும். என் தப்பு அங்கதான் ஆரம்பிச்சிச்சி.

அப்ப எனக்கு ஒரே ஒரு வேன். நானே ஓனர், நானே டிரைவர். ராபர்ட்சன்பேட்டையில எடுத்தா ஓசகோட்டை தாண்டி ஒரு ஒயர் ஃபேக்டரி கேட்டுல ஆள இறக்கிவிடணும். ஏழு மணி ஷிஃப்ட். அதே ஃபேக்டரிக்கு இன்னொரு வேனும் ஓடுச்சி. அதோட ஓனர் மாரிகுப்பத்துக்காரரு. பேரு சொன்னா திட்டுவாரு, அவருக்கு இந்த மாதிரி பேச்செல்லாம் புடிக்காது. மாரிகுப்பத்தாருன்னே சொல்றேன். ரெண்டு பேரும் அஞ்சு பத்துக்கு எடுப்போம். வழியில நிக்கிறவங்க எந்த வண்டி முன்னால வருதோ அதுல ஏறுவாங்க.

ஒரு நாளு நான் அஞ்சுக்கு எடுத்தேன். அவரோட ஆளுங்க ஏழு பேரு என் வண்டியில ஏறிட்டாங்க. அன்னைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தச் சொல்லி மாளாது. அடுத்த வாரம் அவரு அஞ்சுக்குப் பத்து நிமிஷம் முன்னால எடுத்தாரு. நான் இருபது. அவரு அரை மணி. இப்படியே போயி ஆறு மாசத்துல விடியக்காலம் நாலு மணிக்கு வந்து நின்னோம். ஒரு பைத்தியக்காரன் இருந்தா வேடிக்கை, ரெண்டு பேரு இருந்தா அது தொழில் போட்டி.

விளைவு இன்னான்னா, அஞ்சரைக்கே ஃபேக்டரி முன்னால போய் நின்னுடுவோம். கேட்டு தொறக்கிறது ஆறரைக்கு. ஒரு மணி நேரம் பொம்பளைங்கெல்லாம் உக்காந்தபடியே வாயத் தொறந்துகினு தூங்குவாங்க. வாட்ச்மேன் ரூம் பின்னால இருக்கிற கொழாயில மூஞ்சி கழுவிகினு உள்ள போவாங்க. எந்த ஆளு நேரத்த மிச்சம் பண்ணித் தரேன்னு நாங்க ரெண்டு பேரும் போட்டி போட்டோமோ, அந்த ஆளோட தூக்கத்தத்தான் ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கினோம். யாரும் எதுத்துக் கேக்கல. சீக்கிரம் வரச் சொன்னா வரணும்னு வளந்த ஜனம்.

இதுல இன்னொரு அசிங்கமும் பண்ணேன், அதையும் சொல்லிடறேன். "மாரிகுப்பத்தாரு வண்டியில பிரேக் சரியில்லையாம், பாத்து ஏறுங்க"ன்னு ரெண்டு மூணு பேர்கிட்ட ஓதிவிட்டேன். பிரேக்குல ஒரு கோளாறும் இல்ல. வாயில வந்துச்சி, சொன்னேன்.

நான் ரெண்டே முக்காலுக்கு எழுந்திரிப்பேன். திரும்ப ஆள இறக்கிட்டு வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆயிடும். எத்தினி மணி நேரம் தூங்கினேன்னு நீங்களே கணக்குப் போடுங்க. வீட்டுக்காரி சண்டை போட்டா. "அந்த ஆளும் தூங்காமத்தான ஓட்டறாரு"ன்னு அவ வாய மூடினேன். போட்டி போடறவனுக்கு எதிராளியோட முட்டாள்தனம் கூட ஒரு சாட்சி.

மாசக் கடைசியில ஒரு நாளு. அந்த ஃபேக்டரியில கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஒரு சட்டம் இருந்துச்சி. ஒரு மாசத்துல மூணு தடவ லேட்டானா கேட்டுலயே பேட்ஜ வாங்கிக்குவாங்க, வேலை போச்சி. அந்த மாசம் மழையில ரெண்டு நாளு ரோடு அடைச்சிகினு நிறைய பேருக்கு ரெண்டு லேட் விழுந்திருந்துச்சி. அன்னைக்குப் பாத்து பங்காருபேட்டை ரோட்ல ஒரு லாரி குறுக்க கவுந்துடுச்சி. என் வண்டி, பின்னாலயே அவரு வண்டி, ரெண்டும் மாட்டிக்கினோம். ஒண்ணேகால் மணி நேரம். வழி வுட்டப்ப எல்லார் மூஞ்சியிலயும் பேயறைஞ்ச மாதிரி இருந்துச்சி. என் வண்டியில கஸ்தூரின்னு ஒரு பொண்ணு, ரெண்டு கொழந்தைங்க, வீட்ல சம்பாதிக்கிற ஒரே ஆளு. "அண்ணா, எனக்கு ரெண்டு ஆயிடுச்சி, பாத்துக்கோங்க"ன்னா. பாத்துக்கறேம்மான்னு மிதிச்சேன்.

கோலார் தாண்டி நேர் ரோடு. வெளிச்சம் வர ஆரம்பிச்சிடுச்சி. வண்டியில ஒரு சத்தம் இல்ல. அடுத்தது எனக்குத் தெரிஞ்சது, ராகிக் கொல்லையில வண்டி மூக்கு குத்திகினு நிக்குது, பின்னால பொம்பளைங்க அலறல்.

நான் தூங்கிட்டேன். ஸ்டியரிங்கப் புடிச்சிகினே தூங்கிட்டேன்.

யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஒருத்தருக்கு ஒதடு கிழிஞ்சிருந்துச்சி, ரெண்டு பேருக்கு முட்டி. முன் ஆக்சில் போச்சி. எல்லாரையும் இறக்கி ரோட்டு மேல ஏத்தி முடிச்சேன். மணி ஆறேகால். ஃபேக்டரிக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஓட்டம். பஸ்ஸு எதுவும் அந்த எடத்துல நிக்காது. அப்பதான் மாரிகுப்பத்தாரு வண்டி வந்துச்சி.

அவரு நிக்காம போயிருந்தா நான் குத்தம் சொல்லியிருக்க முடியாது. அவரு வண்டியே ரொம்பியிருந்துச்சி, நேரமும் இல்ல. நானா இருந்தா நின்னிருப்பேனான்னு இன்னைக்கும் எனக்கு நிச்சயமாத் தெரியாது. அவரு நிறுத்தினாரு. எறங்கி, ஒதடு கிழிஞ்ச அம்மாவப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, வாட்ச்சப் பாத்தாரு. அப்புறம் அவரு சொன்ன வார்த்தைய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"என் வண்டியில இருக்கறவங்க எல்லாரும் எறங்குங்க. ரெண்டு லேட் ஆனவங்க மட்டும் கைய தூக்குங்க. எந்த வண்டி ஆளா இருந்தாலும் சரி. அவங்க மொதல்ல ஏறட்டும்."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியல. அவரு வண்டி ஆளு ஒருத்தரு, "நாங்க இன்னாத்துக்கு எறங்கணும்? தூங்கினது அந்த வண்டி டிரைவரு"ன்னு கத்தினாரு. மாரிகுப்பத்தாரு குரல ஒசத்தவே இல்ல. "உங்களுக்கு எத்தினி லேட்டு?"ன்னாரு. அவரு, "ஒண்ணு." "அப்ப உங்களுக்கு இன்னைக்கு போறது ஒரு லேட்டு. அவங்களுக்குப் போறது வேலை. எறங்குங்க." அவ்ளோதான். அந்த ஆளு எறங்கிட்டாரு. அவரு எறங்கினதும் மத்தவங்களும் எறங்கினாங்க.

நெருக்கடி நேரத்துல நல்லவனா இருக்கிறது பெரிய விஷயமில்ல. இன்னா கேள்வி கேக்கணும்னு தெரியணும். நானா இருந்தா யாரு மொதல்ல வந்தாங்க, யாரு யாரோட வண்டி, யாருக்கு அடின்னு கேட்டுகினு இருந்திருப்பேன். அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, யாருக்கு இழப்பு ஜாஸ்தி. அந்த ஒரு கேள்வியில எல்லாம் பிரிஞ்சிடுச்சி.

கை தூக்கினவங்க நிறைய. பதினேழு சீட்டு வண்டியில நெருக்கி, மடி மேல மடி வெச்சி, இருபத்தி மூணு பேரு. கடைசியா கஸ்தூரி. ஒரு காலு படியில, ஒரு காலு ரோட்ல. உள்ள நிக்கக்கூட எடமில்ல, கதவு சாத்த முடியல. முன் சீட்ல மாரிகுப்பத்தாரோட பொண்ணு உக்காந்திருந்துச்சி. யசோதரா, அப்ப இருபத்தி ரெண்டு வயசு. அதே ஃபேக்டரியில அதே கான்ட்ராக்ட்ல வேலை. சட்டுனு கதவத் தொறந்து எறங்கி, "அக்கா, நீங்க இங்க உக்காருங்க. எனக்கு ஒண்ணுதான் ஆயிருக்கு"ன்னா. அவங்கப்பா ஒரு தடவ அவளப் பாத்தாரு. வண்டிய எடுத்துட்டாரு. ஏழுக்கு நாலு நிமிஷம் இருக்கறப்ப கேட்டுக்குள்ள இருந்தாங்களாம்.

மிச்சப் பேரு என்கூட ரோட்ல நின்னாங்க. யசோதான் முன்னால போயி, போற வர வண்டிக்கெல்லாம் கையக் காட்டி, தக்காளி எறக்கப் போன ஒரு மினி லாரிக்காரர புடிச்சி, கன்னடத்துல பேசி சம்மதிக்க வெச்சா. அதுக்கு முன்னால என்கிட்ட வந்தா.

"இன்னா ஆச்சி அங்கிள்?"

"பிரேக் புடிக்கலம்மா."

அவ ரோட்டப் பாத்தா. வண்டி ரோட்ட வுட்டு எறங்கின எடத்தப் பாத்தா. "பிரேக் அடிச்ச தடம் ஒண்ணும் காணோமே"ன்னா. நான் அந்தப் பக்கம் திரும்பி க்ரேன்காரனுக்கு போன் போடற மாதிரி நின்னேன். அவ அதுக்கு மேல கேக்கல.

கம்பெனிக்கும் அதே பொய்யத்தான் சொன்னேன். பிரேக் ஃபெயிலு.

ரெண்டு நாளு கழிச்சி கம்பெனி டிரான்ஸ்போர்ட் மேனேஜர் என்னைக் கூப்ட்டாரு. கன்னடக்காரரு, தமிழு நல்லாப் பேசுவாரு. "நோடி, இங்க பாருங்க, அந்த மாரிகுப்பம் வண்டியில இருபத்தி மூணு ஆளு. கேட்டுல எழுதிட்டாங்க. ஓவர்லோடு. அந்த வண்டி இனிமே வேணாம். ரெண்டு வண்டி ஆளையும் நீங்களே எடுத்துக்கறீங்களா?"ன்னாரு.

கவனிங்க. தூங்கி கொல்லையில எறக்கினவனுக்கு முழு கான்ட்ராக்டு. நின்னு என் ஆளுங்களக் காப்பாத்தினவருக்கு கேட்டு மூடல். நான் இன்னா சொல்லியிருக்கணும்னு உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, "சரி சார்." ரெண்டு வருஷமா எதுக்கு ரெண்டே முக்காலுக்கு எழுந்தேனோ அது தானா மடியில வந்து விழுந்துச்சி. வாய் அதுவாச் சொல்லிடுச்சி.

என் வண்டிய ரிப்பேருக்கு விட்டுட்டு, ரெண்டு வண்டி வாடகைக்கு எடுத்து, ஒண்ணுக்கு டிரைவரையும் சேத்து, மூணு நாளு ஓட்டினேன். அவரு ஆளுங்க பேசாம ஏறினாங்க, பேசாம எறங்கினாங்க. யசோ மட்டும் வரல. அப்பா வண்டிய கம்பெனி நிறுத்தின ரோஷத்துல வரல, ரயில்ல போகுது போலன்னு நெனச்சிக்கினேன். மூணாவது நாளு கஸ்தூரி எறங்கறப்ப நின்னா.

"அண்ணா, யசோவுக்கு பேட்ஜ் போயிடுச்சி, தெரியுமா?"

"அதுக்கு ஒண்ணுதானேம்மா ஆயிருந்துச்சி?"

"ரெண்டு ஆயிருந்துச்சிண்ணா. அன்னைக்கு மூணாவது. உள்ள போர்டுல பேரு ஒட்டினாங்க, அப்பதான் எனக்கே தெரிஞ்சிச்சி. என் சீட்டு அது குடுத்ததுண்ணா." சொல்லிட்டு அழுதுகினே உள்ள போயிட்டா.

அவமானம்னா இன்னான்னு அம்பது வயசுல தெரிஞ்சிக்கினேன். என்னை யாரும் திட்டல, அதான் ஜாஸ்தி வலிச்சிச்சி. நேரா மாரிகுப்பத்துக்குப் போனேன்.

அவரு வீட்டு வாசல்ல வேன கழுவிகினு இருந்தாரு. போக எடம் இல்லாத வண்டிய அம்மாம் சுத்தமா ஒருத்தரு கழுவி நான் பாத்ததில்ல. என்னைப் பாத்ததும் கொழாய மூடிட்டு, "வாங்க வாங்க. இன்னா, பிரேக்கு சரியாச்சா? என் வண்டிக்குச் சொன்ன பிரேக்கு உங்க வண்டிக்குப் போயிடுச்சேன்னு பாத்தேன்"ன்னாரு. நான் ஓதிவிட்டதெல்லாம் அவரு காதுக்குப் போயிருக்கு. தெரிஞ்சேதான் அன்னைக்கு வண்டிய நிறுத்தியிருக்காரு.

"பிரேக் இல்லண்ணா. நான் தூங்கிட்டேன்"ன்னேன். அந்த வார்த்தைய வாய்விட்டுச் சொன்னது அதான் மொதல் தடவ.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அங்கிள்"னு வாசப்படியிலேருந்து யசோ சொன்னா. கோவமாக் கூடச் சொல்லல. "உள்ள வாங்க, டீ போடறேன்."

உள்ள போய் உக்காந்தோம். சுவத்துல புத்தர் படம், அதுக்குக் கீழ மாரிகுப்பத்தாரோட அப்பா மைன்ஸ்ல எடுத்துக்கின ஃபோட்டோ. நான் அவரக் கேட்டேன், "ரெண்டு லேட்டுன்னு தெரிஞ்சிதான் அவள எறங்க விட்டீங்களா?"

அவரு அந்த ஃபோட்டோவப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு. "தெரியும். கண்ணாடியில அவ நிக்கிறதப் பாத்துகினேதான் எடுத்தேன். கூப்ட்டிருந்தா ஏறியிருப்பா. அப்புறம் அந்தப் பொண்ணு கஸ்தூரி எறங்கணும். எங்கப்பா கேஜ ஏத்தி எறக்க மணி அடிக்கிற ஆளு. 'அடிபட்டவங்கள மேல ஏத்தறப்ப நான் என் சொந்தக்காரன் எங்கன்னு தேடினா, அப்புறம் கீழ நிக்கிறவன் எவனும் என் மணிய நம்ப மாட்டான்'னு சொல்வாரு. என் ஆளுங்களயே எறங்கச் சொல்லிட்டேன். என் பொண்ண மட்டும் உக்காரவெச்சா நல்லாவா இருக்கும்?" யசோ சமையல்கட்டுல பாத்திரத்த கொஞ்சம் சத்தமா வெச்சா.

நான் மன்னிப்பு கேக்கத்தான் போனேன். உக்காந்ததும் புரிஞ்சிச்சி. மன்னிப்பும் கேட்டுட்டு அதே கான்ட்ராக்ட்ல வண்டியும் ஓட்டினா அது மன்னிப்பு இல்ல, நாடகம். "சட்டைய மாட்டுங்கண்ணா, கம்பெனிக்குப் போலாம்"னேன்.

மேனேஜர் எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்ததும் கண்ண கசக்கிக்கினாரு. கீரியும் பாம்பும் ஒண்ணா வந்து நாற்காலியில உக்காந்தா வேற இன்னா பண்ணுவாரு. நான் ஒடைச்சிச் சொல்லிட்டேன். "சார், பிரேக் ஃபெயிலு இல்ல. நான் தூங்கிட்டேன். இவரு ஓவர்லோடு பண்ணது என் ஆளுங்களுக்காக. இவரு வண்டி வேணாம்னா என் வண்டியும் வேணாம். வேணும்னா ரெண்டும் சேந்து ஒரே சர்வீஸா வரும். நாலு மணி வண்டி இனிமே கிடையாது. அஞ்சு மணிதான்."

"நான் பெங்களூர்லருந்து வேற ஏஜென்சி போட்டுக்கறேன்"னாரு மேனேஜர்.

"தாராளமா போடுங்க"ன்னு மாரிகுப்பத்தாரு சொன்னாரு. "அஞ்சு மணிக்கு மாரிகுப்பம் மைன்ஸ் லைன் வீட்டு சந்துல வந்து ஆள் ஏத்துவாங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க."

அந்த ஆளு ஒண்ணும் கெட்டவரு இல்ல. நாங்க ரெண்டு பேரும் அடிச்சிகினு இருந்த வரைக்கும் அவருக்கு சௌகரியமா இருந்துச்சி, எடுத்துக்கினாரு. நாங்க சேந்து போய் நின்னதும் அவரு பக்கம் யோசிக்க வேற ஒண்ணும் இல்ல. டீ வர்றதுக்குள்ள சரின்னுட்டாரு. என் தப்புக்கு ஒரு எச்சரிக்கை எழுதிக் குடுத்தாரு, வாங்கிக்கினேன். யசோவோட பேட்ஜுக்கும் கேட்டோம். அது ஆஃபீஸ்ல முடிஞ்சி போன விஷயம்னு கைய விரிச்சிட்டாரு. அது திரும்ப வரவே இல்ல. எல்லாம் சரியாயிடுச்சின்னு நான் சொல்ல மாட்டேன். என் தூக்கத்துக்கு அந்தப் பொண்ணு தன் வேலையக் குடுத்திருக்கு, அது மாறாது.

திரும்பி மாரிகுப்பத்துக்கு வந்ததும் நான் யசோவ, "எங்க சர்வீஸ பாத்துக்கறியாம்மா?"ன்னு கேட்டேன். பரிதாபத்துல கேட்டேன்னு நெனைக்காதீங்க. ரோட்ல நின்னு அரை மணி நேரத்துல பதினோரு பேருக்கு வண்டி புடிச்சவள நான் கண்ணால பாத்தேன். அவ ஒடனே ஆமான்னு சொல்லல. ரெண்டு கண்டிஷன் போட்டா.

"ஒண்ணு, எந்த வண்டியும் அஞ்சுக்கு முன்னால எடுக்கக்கூடாது. யாரு எடுத்தாலும் சரி, நாம எடுக்கக்கூடாது. ரெண்டு, காலை டிரிப்புக்கு நீங்க ஸ்டியரிங்ல உக்காரக்கூடாது அங்கிள்."

அவங்கப்பாவே, "ஏய், இன்னா பேச்சு இது"ன்னாரு. நான் பையிலருந்து சாவிய எடுத்து அவ கையில குடுத்தேன். இருபத்தாறு வருஷம் கையில இருந்த சாவி. வலிச்சிச்சா? வலிச்சிச்சி. அன்னைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தேன், அதையும் சொல்லணும்.

மறுநாள்லருந்து டிரைவர் போட்டோம். சாவிய அவதான் குடுப்பா. மூஞ்சியப் பாத்து அந்தக் கேள்வியக் கேப்பா. ஆமான்னு சொல்றப்ப கண்ண வேற பக்கம் திருப்பினா வேற ஆளு போவான்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. ரெண்டு வண்டி சேந்ததும், ஒண்ணு ரிப்பேரானா ஒண்ணு போச்சி. கொஞ்ச நாள்ல ரெண்டு பேரும் சேந்து மூணாவதா ஒரு வண்டிய அவசரத்துக்குன்னு சும்மா நிறுத்தி வைக்க முடிஞ்சிச்சி. தனியா இருந்தப்ப எங்க ரெண்டு பேராலயும் அது ஆகவே ஆகாது. அந்தச் சும்மா நிக்கிற வண்டியப் பாத்துத்தான் ரெண்டாவது ஃபேக்டரி வந்துச்சி. லேட்டே ஆகாத சர்வீஸுன்னு பேரு வந்துச்சி. இன்னைக்கு ஒம்போது ஓனருங்க, உங்களையும் சேத்து.

எல்லா போட்டிக்காரரும் மாரிகுப்பத்தாரு ஆயிடுவாருன்னு நான் சொல்லல. நடுவுல ஒருத்தர சேத்தோம், லைசென்ஸ் இல்லாதவன வண்டியில ஏத்தினாரு, ஒரே வாரத்துல கை கழுவிட்டோம். ஆளப் புரிஞ்சிக்கறதுக்கு நான் ஒண்ணுதான் பாப்பேன். இக்கட்டுல அவரு தன் ஆளுங்கள எப்படி நடத்தறாருன்னு பாப்பேன். நம்மகிட்ட எவ்ளோ இனிப்பாப் பேசறாருன்னு பாக்கவே மாட்டேன்.

இப்ப பங்காருபேட்டைக்காரரு விஷயத்துக்கு வரேன். நாலரைக்கு எடுக்கலாமான்னு கேட்டீங்க. எடுத்தா அவரு நாலேகாலுக்கு எடுப்பாரு. நம்ம ஊரு ஜனம் வந்து நிக்கும், அதான் கஷ்டமே. நீங்க ஜெயிச்சிகினே போவீங்க, கொல்லையில எறங்கற வரைக்கும். ஆக, பதில் வேணாம்னுதான். அத நான் மட்டும் சொல்லல. நான் இந்தப் பேச்சுக்கு ஒத்திகை பாத்துகினு இருந்தப்பவே யசோ நேத்து பங்காருபேட்டைக்குப் போயிட்டு வந்துட்டா. என்னைக் கேக்கவும் இல்ல, உங்களக் கேக்கவும் இல்ல.

அவரு வாசல்லயே நிக்கவெச்சிதான் பேசினாராம். "ரூட்டப் பத்திப் பேச வந்தீங்களா மேடம், ரேட்டப் பத்தியா?"ன்னு கேட்டாராம். யசோ அவரு மூஞ்சியப் பாத்துட்டு, "ரெண்டும் அப்புறம் பேசலாம். நீங்க நல்லாத் தூங்கி எத்தினி நாளாச்சி?"ன்னாளாம்.

அவரு உள்ள போயி இன்னொரு நாற்காலி எடுத்துகினு வந்து போட்டாராம்.